ஜெயத்தின் கட்டைவிரல்

அரசாங்கக் காகிதங்களின்படி என் வலது கைக் கட்டைவிரல் என்னுடையது இல்லை. அது ஆரணி கொசப்பாளையத்தைச் சேர்ந்த ஜெயம் என்ற பெண்ணுடையது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். எனக்குச் சிரிப்பு வந்து பல வருடமாகிறது.

என் பெயர் ஜெகநாதன். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிற ஏழைபாழைகளின் காகிதங்களைச் சரிபார்த்து, போகலாம் என்று முத்திரை குத்தித் தருகிற ஓர் அலுவலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டினேன். எந்த அலுவலகம் என்று கேட்க வேண்டாம். சென்னையில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி, அவ்வளவு தெரிந்தால் போதும். கையில் விசா இருந்தாலும், பத்தாவது தேறாதவர்கள் எங்கள் முத்திரை இல்லாமல் விமானம் ஏற முடியாது. ஏமாற்றுக்காரர்களிடம் அவர்கள் சிக்கக்கூடாது என்று போட்ட சட்டம். நாங்கள் அவர்களைக் காப்பாற்றினோமோ இல்லையோ, மாடிப்படியில் நன்றாகக் காக்க வைத்தோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரணி பஸ்ஸைப் பிடிப்பேன். திங்கட்கிழமை விடியற்காலை திரும்புவேன். என் மனைவி அபிதகுசாம்பாளும் இரண்டு பிள்ளைகளும் ஆரணியிலேயே இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், தலையில் எண்ணெய் வைக்கக்கூட விடமாட்டார்கள். தெருக்காரர்கள், களம்பூர் மில்லில் மூட்டை தூக்குகிறவர்கள், வந்தவாசிப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் ஃபாரத்தைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பார்கள். நான் எரிந்து விழுவேன். அவர்கள் போகமாட்டார்கள். கடைசியில் நான்தான் பேனாவை எடுப்பேன்.

ஜெயம் எங்கள் தெருதான். புருஷன் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பானுப்ரியா என்று எட்டு வயதில் ஒரு பெண். ஜெயத்துக்குத் தொழில் பாவு பிணைப்பது. தறியில் ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு ஏற்றும்போது, பழைய இழை ஒவ்வொன்றின் நுனியோடும் புதிய இழையின் நுனியைச் சேர்த்து, சாம்பல் தொட்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் முறுக்கிவிட வேண்டும். ஒரு பாவுக்கு ஆயிரக்கணக்கான இழைகள். பத்து வருடம் இந்த வேலை பார்த்த பெண்ணின் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்தால் கண்ணாடிக் கோலிக்குண்டைத் தொடுகிற மாதிரி இருக்கும். ரேகை என்று ஒன்று மருந்துக்கும் இருக்காது.

இதனால் எங்கள் தெருவில் ஒரு பழக்கம் இருந்தது. ரேஷன் கடையிலோ வேறு எங்கேயோ நோட்டில் ரேகை வைக்கச் சொன்னால், பாவு பிணைக்கிற பெண் பக்கத்தில் நிற்கிறவளிடம், "விரல குடுடி" என்பாள். அவளும் தன் விரலை மையில் ஒற்றி இவள் பெயருக்கு நேரே வைத்துவிட்டுப் போவாள். கறிவேப்பிலை இரவல் வாங்குகிற மாதிரிதான். இதில் தப்பு இருக்கிறது என்று தெருவில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த எனக்கும் தோன்றியதில்லை.

1995, ஆனி மாதம். வளைகுடாவில் ஒரு வீட்டில் வேலைக்கு ஜெயத்துக்கு விசா வந்தது. எங்கள் அலுவலக விண்ணப்பத்தில் கையெழுத்தோடு கட்டைவிரல் ரேகையும் வைக்க வேண்டும். ஆண்களுக்கு இடது, பெண்களுக்கு வலது. ஜெயம் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தாள். விரலை மையில் தோய்த்து அழுத்தினாள். தாளில் ஊதா நிறத்தில் ஒரு திட்டு விழுந்தது. கோடு, வளையம், சுழி எதுவும் இல்லை. கண்காணிப்பாளர் அருணாச்சலம் அதைப் பார்த்துவிட்டு, "ரேகை தெளிவில்லை, திரும்ப எடுக்கவும்" என்று எழுதித் திருப்பிவிட்டார்.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தாள். எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தோம், சோப்பு போட்டுப் பார்த்தோம். மறுபடியும் திட்டுதான் விழுந்தது. மறுபடியும் அருணாச்சலம் அதே வரியை எழுதினார். அவர் கெட்டவர் இல்லை. ரேகை என்றால் ரேகை இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர், அவ்வளவுதான்.

மூன்றாவது தடவை அவள் வந்தபோது விசா முடிய நாலு நாள் இருந்தது. மத்தியான வேளை, எனக்குப் பசி. அவள் மேல் கோபம், அருணாச்சலத்தின் மேல் கோபம், இவள் ஊரிலேயே நான் பிறந்து தொலைத்தேனே என்று என் மேலேயும் கோபம். ஜெயம் என் மேஜைக்கு முன்னால் குனிந்து, ரேஷன் கடையில் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"அண்ணா, உங்க விரல குடுங்களேன்."

"சும்மா இரு. இது ரேஷன் கடை இல்ல."

"வேற இன்னா பண்றது அண்ணா? இந்த விரல வெச்சிகினு நான் எங்க போவேன்?"

தாளை எடுத்துக்கொண்டு பின்னால் இருந்த பழைய கோப்பு அறைக்குப் போனேன். என் வலது கட்டைவிரலை மையில் ஒற்றி, ஜெயம் என்ற பெயருக்கு நேரே அழுத்தினேன். விரலில் மிஞ்சிய மையைச் சுவரில் துடைத்தேன். இரக்கப்பட்டுத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. பாதி இரக்கம், மீதி பசி. அதுதான் நிஜம்.

தாளைக் காட்டினபோது ஜெயம் அதைக் கண் எடுக்காமல் பார்த்தாள். "எவ்ளோ அழகா வந்திருக்குது!" என்றாள். பக்கத்தில் அந்தக் குழந்தையும் எட்டிப் பார்த்தது. அன்றைக்கே முத்திரை விழுந்தது. ஜெயம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் படி இறங்கினாள். திரும்பி வந்த இரண்டு பழைய விண்ணப்பங்களையும் கிழித்துப் போட வேண்டும் என்பது விதி. கிழிக்க நேரமில்லாமல் என் பையில் திணித்தேன்.

ஒன்றரை வருடம் ஜெயத்திடமிருந்து கடிதம் வந்தது. யாரிடமோ சொல்லி எழுதுவித்த கடிதங்கள். பிறகு நின்றுவிட்டது. அவள் வேலை பார்த்த வீட்டுக்காரரிடம் விசாரித்ததில், அவள் வேலையை விட்டு ஓடிவிட்டாள் என்று பதில் வந்தது. ஜெயத்தின் அண்ணன் தருமன்தான் பானுப்ரியாவை வளர்த்தார். அவர் ஞாயிறுதோறும் என் வாசலுக்கு வருவார். நான் ஏதாவது ஒரு மனு எழுதித் தருவேன்.

1998-ல் ஒரு நாள் காலை அருணாச்சலம் என்னைக் கூப்பிட்டு, தூதரகத்திலிருந்து வந்த ஒரு ஃபேக்ஸ் தாளைக் கொடுத்தார். அந்த வளைகுடா ஊரில் நெடுஞ்சாலையில் லாரி அடித்து ஒரு பெண் இறந்துகிடந்தாள். முகம் அடையாளம் தெரியவில்லை. முப்பத்தைந்து வயது இருக்கலாம். தமிழ்நாட்டுப் பெண்ணாக இருக்கலாம். இடுப்பில் ஒரு சின்னத் துணி முடிச்சு, அதில் சாம்பல் நிறத்தில் பொடி. வேலையை விட்டு ஓடிப்போன ஜெயம் என்ற பெண்ணாக இருக்குமோ என்று சந்தேகப்படுகிறார்கள். கை விரல்கள் நன்றாக இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க, விண்ணப்பத்தில் உள்ள ரேகையை உடனே அனுப்பவும்.

ஜெயத்தின் கோப்பை எடுத்தேன். ஜெயம் என்ற பெயருக்கு நேரே என் விரல் பளிச்சென்று இருந்தது. பத்து வயதில் பாக்குவெட்டியில் பட்ட காயம், கட்டைவிரலின் குறுக்கே போகிற வெள்ளைக் கோடு, அதுகூட அப்படியே விழுந்திருந்தது.

சொல்லியிருக்கலாம். "சார், அது என் விரல்" என்ற நாலு வார்த்தைதான். அப்போது பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. வேலை போனால் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று நினைத்தேன். அது அவளாக இருக்காது என்றும் நினைத்தேன். அந்த ஊரில் எத்தனை தமிழ்ப் பெண்கள், இவளாகவா இருக்க வேண்டும்? நகல் எடுத்தேன். அனுப்பினேன். நான் கோழை. வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

எட்டாம் நாள் பதில் வந்தது. ரேகை பொருந்தவில்லை. இறந்தவளை அடையாளம் தெரியாதவள் என்று எழுதி அங்கேயே புதைத்துவிட்டார்கள். அதைத் தமிழில் ஒரு கடிதமாக எழுதி, என் விரலின் நகலையும் இணைத்து, குடும்பத்துக்கு அனுப்ப வேண்டிய வேலையும் எனக்கே வந்தது. "இறந்தவரின் ரேகை, விண்ணப்பத்தில் உள்ள ஜெயம் என்பவரின் ரேகையுடன் பொருந்தவில்லை என்பது இதன் மூலம் தெரிவிக்கப்படுகிறது."

அந்த ஞாயிற்றுக்கிழமை தருமன் ஒரு பொட்டலம் ஜிலேபியோடு வந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"அது நம்ம ஜெயம் இல்லியாம் அண்ணா. கவர்மெண்டே எழுத்துல குடுத்துட்டாங்க. எங்கயோ உயிரோடதான் கீறா. எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க."

நான் எடுத்துக்கொண்டேன். தின்றேன். கையெல்லாம் பாகு ஒட்டியது.

அன்றிலிருந்துதான் ஆரம்பித்தது. இறந்தவள் ஜெயமா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அவளுடைய ரேகை பொருந்தவில்லை என்றால், என்னுடையதோடுதான் பொருந்தவில்லை. எப்படிப் பொருந்தும்? மூன்று வருடம் பாவு பிணைக்காமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தால் தேய்ந்த ரேகை திரும்ப முளைத்துவிடும் என்று ஒரு டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தப் பொடி திருநீறாக இருக்கலாம். பாவுச் சாம்பலாகவும் இருக்கலாம். அவள் ஜெயமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உலகத்தில் ஒருவருக்கும் தெரியாதபடி அந்தக் கதவை என் விரல் சாத்திவிட்டது.

வீட்டில் நான் தண்ணீர் குடித்த எவர்சில்வர் டம்ளரில் என் விரல் பதிந்திருக்கும். பார்க்கும்போதெல்லாம் ஜெயம் வந்துவிட்டுப் போனதாகத் தோன்றும். துண்டால் துடைப்பேன். கண்ணாடி பீரோவைத் துடைப்பேன். பஸ் ஜன்னலைத் துடைப்பேன். "உங்களுக்கு இன்னா ஆச்சு? சுத்த பேஜாரா கீது உங்களோட" என்று அபிதா தலையில் அடித்துக்கொள்வாள். அவளிடமும் சொல்லவில்லை. என் கட்டைவிரலில் மை வாசனை வருவதாக இருக்கும். முகர்ந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலியாக இருந்தால், யாரோ அதில் உட்கார்ந்துகொண்டு, விரல் குடுங்களேன் என்று கேட்கிற மாதிரி இருக்கும். அதற்காகவே கூட்டமான பஸ்ஸாகப் பார்த்து ஏறுவேன்.

பானுப்ரியா வளர்ந்தாள். அவளும் பாவு பிணைக்கப் போனாள். பதினைந்து வயதிலிருந்து தருமனுக்குப் பதில் அவளே என் வாசலுக்கு வர ஆரம்பித்தாள். அந்தக் கடிதத்தையும் நகலையும் லேமினேட் செய்து, மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு வருவாள். சாமி படத்தைத் துடைக்கிற மாதிரி முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் நீட்டுவாள்.

ஒரு தடவை, அவள் நகலில் இருந்த வெள்ளைக் கோட்டை விரலால் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அம்மாவுக்கு விரல்ல வெட்டுக்காயம் இருந்துச்சா மாமா? எனக்கு ஞாபகமே இல்ல. தெனமும் இத தொட்டுப் பாத்துப் பாத்து, இப்ப அம்மா மொகத்த விட இந்தக் கோடுதான் நல்லா ஞாபகம் இருக்குது."

நான் காபி டம்ளரைப் பிடித்திருந்தேன். கட்டைவிரலை டம்ளருக்கு அடியில் மறைத்துக்கொண்டு, "இருந்திருக்கும்மா" என்றேன். அதற்குப் பிறகு அவள் வந்தால் வலது கையைத் துண்டுக்குள்ளேயே வைத்திருப்பேன்.

2006-ல் எங்கள் அலுவலகத்தைச் சீர்திருத்த ஒரு கமிட்டி போட்டார்கள். தாமதம், தரகர், தொலைந்த கோப்பு, போலி ரேகை என்று பத்திரிகைகளில் கிழிகிழி என்று கிழித்திருந்தார்கள். அருணாச்சலம் ஓய்வு பெற்றிருந்தார். அவர் நாற்காலியில் நான் இருந்தேன். கமிட்டியின் முன்னால் என்னைக் கூப்பிட்டு, என்ன மாற்றலாம் என்று கேட்டார்கள். மை ரேகையை ஒழித்துவிடுங்கள் என்றேன். கண்ணாடி மேல் விரலை வைத்தால் கணினியே எடுத்துக்கொள்ளும் மெஷின் வந்திருக்கிறது. ஆள் நேரில் நின்று, போட்டோவும் ரேகையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போக யாருக்கும் வழி இருக்கக்கூடாது. கமிட்டித் தலைவி என்னைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். நிர்வாக அனுபவத்தில் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

அது என் பிராயச்சித்தம். இன்னொரு ஜெகநாதன் வராமல் தடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று நம்பினேன். சோதனை முகாமை எங்கே நடத்தலாம் என்றபோது, ஆரணி என்று நானே சொன்னேன்.

2007 தை மாதம், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். மணமேடையில் மேஜை போட்டு மெஷினை வைத்திருந்தோம். இயக்குவதற்குச் சென்னையிலிருந்து புஷ்பலதா என்ற பெண் வந்திருந்தாள். விரலை வைத்தால் பெரிய கணினித் திரையில் அது உள்ளங்கை அகலத்துக்குத் தெரியும். சரியாக விழுந்தால் பச்சை விளக்கு, விழாவிட்டால் சிவப்பு. களம்பூர் மில் ஆட்கள் முதலில் வந்தார்கள். பச்சை, பச்சை, பச்சை. நான் தோளில் துண்டோடு, பெண் வீட்டுக்காரன் மாதிரி எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணிக்கு எங்கள் தெருப் பெண்கள் நாலு பேர் வந்தார்கள். சிவப்பு. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்கள். சிவப்பு. மையால் முடியாதது மெஷினால் முடியும் என்று நான் நினைத்திருந்தேன். மெஷின் அருணாச்சலத்தை விடக் கறாராக இருந்தது. இனிமேல் அந்தப் பெண்கள் இரவல் விரல்கூட வாங்க முடியாது. அதற்கு வழி செய்தவனும் நானே. அந்த மேடையிலேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது.

ஐந்தாவதாக வரிசையில் பானுப்ரியா நின்றாள். கையில் மஞ்சள் பை.

"நீ ஏம்மா இங்க?"

"சொன்னா திட்டுவீங்கன்னுதான் சொல்லல மாமா. அம்மா போன ஊர்லயே ஒரு ஆஸ்பத்திரில துப்புரவு வேல. விசா வந்துட்டுது. போனா அம்மாவ தேடிகினே வேல செய்யலாம் இல்ல?"

இருபது வயது. என் பொய்யைக் கையில் வைத்துக்கொண்டு கடல் தாண்டப் போகிறாள். வருகிற போகிற பெண்களின் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டு, காலம் முழுவதும் அங்கே அலைவாள்.

அவள் கண்ணாடி மேல் விரலை வைத்தாள். சிவப்பு. திரையில் வெறும் சாம்பல் நிறத் திட்டு. புஷ்பலதா ஈரத் துணி கொடுத்தாள். மூன்று தடவை. மூன்றும் சிவப்பு.

பானுப்ரியா தன் விரலைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து லேமினேட் செய்த நகலை எடுத்துப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"மாமா, எங்கம்மா என்ன விட அதிகமா பாவு பிணைச்சவங்க. அவங்களுக்கு மட்டும் எப்படி இவ்ளோ நல்லா விழுந்துச்சு?"

"அந்தக் காலத்து மை வேறம்மா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நானும்தான் கூட வந்தேனே. ரெண்டு வாட்டி விழலன்னு திருப்பி அனுப்பினீங்க. மூணாவது வாட்டி நீங்க தாள எடுத்துகினு உள்ள போனீங்க. வரும்போது விழுந்திருந்துச்சு." அவள் குற்றம் சாட்டவில்லை. மறந்துபோன ஏதோ ஒன்றை நினைவுபடுத்திக்கொள்கிறவள் மாதிரிதான் பேசினாள்.

அந்த நேரம் புஷ்பலதா குறுக்கிட்டாள். "மெஷின்லதான் ஏதோ கோளாறு போல சார். நீங்க ஒரு விரல் வெச்சுப் பாருங்களேன்."

எனக்கு இரண்டு கட்டைவிரல் இருந்தது. இடது விரலை வைத்திருக்கலாம். ஆண்களுக்கு இடது என்பதுதான் எங்கள் விதியும். பச்சை விளக்கு எரிந்திருக்கும், மெஷின் சரி என்று எழுதியிருப்போம், பானுப்ரியாவுக்கு ஏதாவது ஒரு வழியைக் கண்டுபிடித்து விமானம் ஏற்றியும் விட்டிருப்பார்கள். துண்டுக்குள் இருந்த வலது கையை நான் எவ்வளவு நேரம் வெளியே எடுக்காமல் நின்றேன் என்று தெரியவில்லை. "சார்?" என்று புஷ்பலதா மறுபடி கூப்பிட்டாள்.

வலது கட்டைவிரலை வைத்தேன்.

பச்சை எரிந்தது. திரையில் என் விரல் பெரிதாக வந்தது. குறுக்கே அந்த வெள்ளைக் கோடு, நகலில் இருப்பது போலவே, கீழிருந்து மேலாகச் சாய்ந்து. பானுப்ரியா திரையைப் பார்த்தாள். கையில் இருந்ததைக் குனிந்து பார்க்கவே இல்லை. தினமும் தொட்டுப் பார்த்த கோடு, அவளுக்குப் பார்க்கத் தேவையில்லை.

பின்னால் வரிசையில் யாரோ, "ஜல்தி ஆவட்டும்மா" என்றார்கள்.

"இது உங்க விரலா?" என்றாள்.

"ஆமாம்மா."

"அப்ப அந்த ரோட்டுல செத்துக் கெடந்தது எங்கம்மாவா?"

"தெரியலம்மா."

"இல்லியா?"

"அதுவும் தெரியல. யாருக்கும் தெரியாது. நான் அப்பவே சொல்லியிருந்தா ஒருவேள தெரிஞ்சிருக்கும். வாயத் தொறக்கல." இடுப்பில் இருந்த துணி முடிச்சையும், அதில் இருந்த பொடியையும் பற்றிச் சொன்னேன். எதையும் மிச்சம் வைக்கவில்லை.

"திருநீறு எல்லார் இடுப்புலயும்தான் இருக்கும்" என்றாள். குரல் உடையவில்லை. அவள் என்னை அடித்திருக்கலாம். மண்டபமே கேட்கக் கத்தியிருக்கலாம். மேடைப் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். விசாத் தாளை நாலாக மடித்தாள்.

"நான் போவல. போயி எங்கன்னு தேடறது? தரைக்கு மேலயா, கீழயா?"

நான் என் பையைத் திறந்தேன். பன்னிரண்டு வருடமாக, பை மாறினாலும், டிபன் பாக்ஸுக்கு அடியில் ஒரு பழுப்பு உறை மாறாமல் இருந்தது. அதற்குள் கிழிக்காமல் விட்ட அந்த இரண்டு விண்ணப்பங்கள். "ரேகை தெளிவில்லை, திரும்ப எடுக்கவும்." அந்த எழுத்துக்குப் பக்கத்தில் மங்கிப்போன ஊதாத் திட்டு.

"இதுதாம்மா உங்கம்மா வெச்சது. இது நிஜம்" என்று நீட்டினேன்.

அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கோடில்லாத அந்தத் திட்டின் மேல் விரலை வைக்கப் போனாள், வைக்கவில்லை, எடுத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, "மை இருக்குதா சார்?" என்றாள். என்னை அவள் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

முத்திரைக்கு வைத்திருந்த மைப்பெட்டியைக் கொடுத்தேன். வலது கட்டைவிரலை அதில் ஒற்றி, அம்மாவின் திட்டுக்குப் பக்கத்தில் அழுத்தி எடுத்தாள். அதே மாதிரி ஒரு திட்டு விழுந்தது. ஒன்று பழசு, ஒன்று ஈரம். வேறு வித்தியாசம் இல்லை. தாளை என் பக்கம் திருப்பினாள்.

"ரெண்டும் ஒண்ணா இருக்குதா, நல்லா பாத்துச் சொல்லுங்க."

"ஒண்ணாத்தாம்மா இருக்குது."

"அப்ப எழுதிக் குடுங்க. அன்னிக்கு பொருந்தலன்னு எழுதிக் குடுத்தீங்க இல்ல? இப்ப பொருந்துதுன்னு எழுதிக் குடுங்க."

அன்று சாயங்காலம் நான் என் வாக்குமூலத்தை எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன். ஒரு வாரத்தில் என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அது பிறகு வந்த கதை. ஆகவே, நான் அதிகாரி என்ற முறையில் கடைசியாக எழுதியது அந்த மண்டபத்தின் மணமேடைப் படியில் உட்கார்ந்து எழுதியதுதான். இரண்டு திட்டுகளுக்கும் கீழே, "ஜெயம் என்பவரின் ரேகையும் அவருடைய மகள் பானுப்ரியாவின் ரேகையும் பொருந்துகின்றன" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டேன்.

பானுப்ரியா எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தாள்.

"சீல் போடுங்க சார்" என்றாள்.

போட்டேன்.